பின்வாசலைப் பற்றி இரண்டு கட்டுரைகள்

எனக்கு விழுந்த சீட்டில் ‘ஆம்’ என்று எழுதியிருந்தது.

எங்கள் பள்ளியில் பதினோராம் வகுப்பின் கட்டுரைப் பயிற்சி இப்படித்தான் நடக்கும். பருவத்துக்கு ஒரு முறை, பள்ளிக்குள் எல்லோர் வாயிலும் அடிபடும் ஏதாவது ஒரு விஷயத்தைத் தமிழ் மிஸ் கரும்பலகையில் கேள்வியாக எழுதுவார். பிறகு காலி சாக்பீஸ் டப்பாவில் மடித்த சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார். ஆம், இல்லை என்று இரண்டே வகைச் சீட்டுகள். எது கைக்கு வருகிறதோ அந்தப் பக்கம் நின்று எழுத வேண்டும். “உங்க சொந்த அபிப்பிராயத்தை வீட்டுலயே வெச்சுட்டு வாங்க. இங்க வாதம் மட்டும்தான்,” என்பார்.

அந்தப் பருவத்தின் கேள்வி: பள்ளியின் பின்வாசலை நிரந்தரமாக மூட வேண்டுமா?

பின்வாசல் பெரிதாக ஒன்றுமில்லை. புத்தகப் பையோடு ஒருவர் நுழையும் அகலத்தில் ஓர் இரும்புக் கதவு. அது ஒரு சந்தில் திறக்கும். சந்தின் மறுமுனையில் எங்கள் குடியிருப்பு. முன்வாசலில் காவலர் இருக்கிறார், கேமரா இருக்கிறது. பின்வாசலுக்கு ஒரு பூட்டு மட்டும்தான். காலையில் திறக்கப்படும், மாலையில் பூட்டப்படும், நடுவில் அதை யாரும் நினைப்பதில்லை. அதை மூடிவிடுங்கள் என்று சில பெற்றோர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கைக்காரிக்கு ‘இல்லை’ விழுந்தது. அவளை ரேடியோ என்போம். அணைப்பதற்குப் பொத்தான் கிடையாது. என்னைக் கோட்டான் என்பார்கள். ஊமைக்கோட்டான் என்று முழுசாகத்தான் ஆரம்பித்தார்கள், கூப்பிட நீளமாக இருந்ததால் சுருக்கிவிட்டார்கள்.

“சீட்டை மாத்திக்கலாமாடி? நீ அந்த வழியாத்தானே வர்றே. எனக்கு அந்தக் கதவு இருந்தா என்ன, இல்லைன்னா என்ன,” என்றாள் ரேடியோ.

வேண்டாம் என்று தலையாட்டினேன். எனக்கு அந்தச் சீட்டு பிடித்திருந்தது. நான் உண்மையில் நினைப்பதைச் சொல்ல வரும்போதெல்லாம் வார்த்தைகள் தொண்டையில் நின்றுகொள்ளும். நினைக்காததை எழுதச் சொன்னால் கை தானாக ஓடும். அது ஏன் என்று நெடுநாள் யோசித்திருக்கிறேன். இன்னும் பிடிபடவில்லை.

மிஸ் கற்றுத்தந்த முறை மூன்று படிகள் கொண்டது. நம்ப வை, யோசிக்க வை, நடுங்க வை. முதலில், இவள் தெரிந்து பேசுகிறாள் என்று படிப்பவருக்குத் தோன்ற வேண்டும். பிறகு காரணங்கள். கடைசியில், காரணங்களையெல்லாம் மறந்துபோனாலும் மறக்காதபடி கண்ணுக்கு ஏதாவது கொடுக்க வேண்டும். இதோடு ஒரு கொசுறும் உண்டு: எதிராளி என்ன சொல்லப்போகிறான் என்பதை நீயே முந்திக்கொண்டு சொல்லி உடைத்துவிடு.

முதல் இரண்டும் ஒரே மாலையில் முடிந்தன. கொசுறையும் எழுதிவிட்டேன்: ‘பின்பக்கத்துக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு இது வசதியாயிற்றே என்று சிலர் சொல்லலாம். வசதிக்கு விலையாக ஒரு குழந்தையைக் கொடுக்க நாம் தயாரா?’ எழுதி முடித்ததும் எனக்கே கைதட்டத் தோன்றியது. ஆனால் மூன்றாவது படி காலியாக இருந்தது. வரைவின் ஓரத்தில் மிஸ் சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தார்: “யாரையாவது கண்முன் நிறுத்து.”

யாரை நிறுத்துவது என்று யோசித்தபடி நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். ஓர் உருவம் வந்தது. வந்ததை அப்படியே எழுதினேன்.

‘காலை ஏழு மணி. சந்தில் யாருமில்லை. ஓர் ஆள் வருகிறான். ஒரு காலை இழுத்து இழுத்து நடக்கிறான். கதவருகே வந்தும் உள்ளே போகவில்லை. இடுப்பு உயரத்தில் பூச்சு உதிர்ந்து செங்கல் தெரியும் இடத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறான். யாருக்காகக் காத்திருக்கிறான்? இதை நானே பார்த்தேன்.’

நானே பார்த்தேன் என்பது உண்மைதான். வாரத்துக்கு ஐந்து நாள் பார்க்கிறேன். அந்த ஆள் என் அப்பா.

அப்பா எங்கள் பள்ளியில் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். சோதனைக் குழாய்களைக் கழுவுவது, அமில பாட்டில்களில் பெயர் ஒட்டுவது, உடைந்ததைக் குறித்துவைப்பது. எல்லோருக்கும் அவர் லேப் அண்ணா. இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு பைக் இடித்து, தொடையில் கம்பி வைத்திருக்கிறது. சமதரையில் சமாளித்துவிடுவார், படி ஏற முடியாது. இது பள்ளியில் ஒருவருக்கும் தெரியாது. ஆய்வகத்துக்குள் மேசை மேசையாக ஓரத்தில் கை வைத்துக்கொண்டே போவார். பார்ப்பவர்கள், மனுஷன் மேசை சுத்தமாக இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். நடையை யாரும் பார்க்கக் கூடாது என்றுதான் ஏழு மணிக்கே கிளம்புவார். கதவருகே ஒரு நிமிடம் சுவரைப் பிடித்து வலியை இறக்குவார். யாராவது வருகிறார்களா என்று இருபுறமும் பார்ப்பார். பிறகு நிமிர்ந்து, சாதாரண மனிதராக உள்ளே போவார். இரண்டு பேருடைய சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு, நான் கொஞ்சம் பின்னால் வருவேன். அவர் உள்ளே போகும்வரை சந்து முனையிலேயே நின்றுவிடுவேன். நான் பார்க்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது என்று நினைத்திருந்தேன்.

எழுதும்போது அவர் அப்பாவாகத் தோன்றவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அப்படித்தான் இருந்தது. ஒரு நல்ல காட்சி கிடைத்துவிட்ட சந்தோஷம் மட்டும்தான் இருந்தது. ‘அவர்’ என்பதை ‘அவன்’ ஆக்கியபோதுகூடக் கை நிற்கவில்லை.

கட்டுரை முதலாவதாக வந்தது. முதலாவது வந்ததைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பார்கள். மைக் என்றால் எனக்கு ஆகாது என்பதால் ரேடியோ வாசித்தாள். அவளுக்கு எதிலும் கொஞ்சம் கூடுதலாகப் போட்டால்தான் திருப்தி. ‘யாருக்காகக் காத்திருக்கிறான்?’ என்ற இடத்தில், நான் எழுதாத ஓர் இடைவெளி விட்டாள். மைதானமே மூச்சை அடக்கியது. முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். அப்போதுதான், ஒலிபெருக்கிகளில் ஒன்று ஆய்வகத்து ஜன்னலுக்கு நேர் மேலே இருப்பது எனக்கு ஞாபகம் வந்தது.

நான்கு நாளில் அந்தக் கட்டுரை பெற்றோர் கைபேசிகளில் சுற்றியது. ஐந்தாம் நாள் அறிவிப்புப் பலகையில் தலைமையாசிரியை கையெழுத்திட்ட தாள்: மாணவர் பாதுகாப்பு கருதி, வரும் ஒன்றாம் தேதி முதல் பின்வாசல் நிரந்தரமாக மூடப்படும். அதன் பக்கத்திலேயே இன்னொரு தாள்: பள்ளிகளுக்கிடையிலான கட்டுரைப் போட்டிக்கு, இதே கட்டுரையோடு, நம் பள்ளியிலிருந்து செல்பவர். அதில் என் பெயர்.

ஒன்றாம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

பின்வாசல் இல்லையென்றால் குடியிருப்பிலிருந்து பெரிய சாலையைச் சுற்றி வர வேண்டும். எங்கள் பக்கம் நடக்க இடமில்லாததால் எதிர்ப்பக்கம் போய், முன்வாசல் சிக்னலில் திரும்ப வேண்டும். அப்படிக் கடக்க நடைமேம்பாலம். ஏற நாற்பத்தெட்டுப் படி, இறங்க நாற்பத்தெட்டு.

அன்று மாலை வீட்டில் அம்மா தையல் இயந்திரத்தை மிதித்தபடி பேசிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் பேச்சு என்றால் அது அம்மாதான்.

“எவ அவ, கதவை மூடணும்னு எழுதினவ? கையில கெடச்சா...”

“அம்மா,” என்றேன். “நான்தான்.”

இயந்திரம் நின்றது.

“ஏண்டி?”

“சீட்டு விழுந்துச்சு.”

“சீட்டு விழுந்துச்சாம்! வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை பேசமாட்டே, எழுதச் சொன்னா வீட்டுக்கே கொள்ளி வெச்சிருக்கே. இதுல இவரு ஒரு பக்கம் கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. ரெண்டு ஊமைங்களுக்கு நடுவுல நான் ஒருத்தி கத்தியே சாகணும்.” பிறகு குரல் இறங்கியது. “ஆட்டோல போயிடுங்களேன்.”

“தினமும் ஆட்டோல வந்து எறங்கினா ஏன்னு கேப்பாங்க,” என்றார் அப்பா. “எனக்கு முன்னாடி இருந்தவருக்கு முதுகுவலின்னு தெரிஞ்ச அடுத்த வருஷம் அவரைக் கூப்பிடலை. ஞாபகம் இருக்கில்ல?”

ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கும் வேலை அது. அம்மா மறுபடி மிதிக்கத் தொடங்கினார். இந்த முறை எதுவும் பேசவில்லை. அப்பா எழுந்து முற்றத்துக் குழாயடிக்குப் போனார். நான் பின்னால் போய் நின்றேன். முகம் கழுவினார், துடைத்துக்கொண்டார், துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எங்களுக்குள் மௌனம் புதிதில்லை. ஆனால் இந்த மௌனத்தில் எனக்கு நிற்க இடமில்லை.

“அந்தச் செங்கல்,” என்றார் கடைசியில். “பூச்சு உதிர்ந்த இடம்னு எழுதியிருக்கே. நான் அதைக் கவனிச்சதே இல்லை. இன்னிக்குக் காலையில பாத்தேன். என் கை பட்டுப் பட்டுக் கறுத்துப்போயிருக்கு.”

துண்டைக் கொடியில் போட்டார்.

“நல்லா எழுதியிருக்கே,” என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“மாத்திடறேன்ப்பா,” என்றேன். “இன்னொண்ணு எழுதறேன். கதவை மூட விடமாட்டேன்.”

அப்பா என்னை முதல் முறையாக நேராகப் பார்த்தார். “எழுது. ஆனா என் கால் அதுல வரக் கூடாது. பேரு சொல்லாம, ஜாடையாக்கூட வரக் கூடாது. பாவம்னு ஒரு தடவை பாத்துட்டா அப்புறம் பாவம்னுதான் பாப்பாங்க. பாட்டில் எடுத்துக் குடுக்க வேற ஆளைத் தேடுவாங்க.”

இருந்த ஒரே உண்மையான காரணம், நான் தொடக் கூடாத காரணம். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை.

மறுநாள் ஆசிரியர் அறையில் தமிழ் மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“உன் கட்டுரையை நீயே அடிக்கப்போறியா? போட்டிக்கு நீதானே போறே? ஆம்னு எழுதி ஜெயிச்சுட்டு, இல்லைன்னு எழுதிட்டு நின்னா உன்னை எப்படி அனுப்பறது?”

“அனுப்ப வேணாம் மிஸ். சனிக்கிழமை பெற்றோர் குழு கூடுதில்ல? அதுல அஞ்சு நிமிஷம் வாங்கிக் குடுங்க.”

“அந்தக் கட்டுரைக்கு உயிரே அந்த ஆளுதான். அவனை எடுத்துட்டா அதுல என்ன இருக்கு?”

“அதான் மிஸ். ஒண்ணுமே இல்லை.”

மிஸ் பேனாவை மூடினார். நான் ஒரே நாளில் இத்தனை வாக்கியம் பேசியதை அவர் பார்த்ததில்லை. “அஞ்சு நிமிஷம்தான்,” என்றார்.

என் பழைய கட்டுரையை எடுத்து வைத்துக்கொண்டு எதிரியின் கட்டுரையைப் படிப்பதுபோலப் படித்தேன். எங்கே உடையும் என்று விரலால் தடவிப் பார்த்தேன். நடுங்க வைத்த இடத்தைத் தவிர மற்றதெல்லாம் காகிதம். ஒரு வரி மட்டும் உறுத்தியது. பின்வாசலை மூடினால் பிள்ளைகள் பத்திரமான வழியில் வருவார்கள் என்று எழுதியிருந்தேன். அந்தப் பத்திரமான வழியை நான் போய்ப் பார்த்ததேயில்லை.

போய்ப் பார்த்தேன். மூன்று நாள், காலை ஏழரையிலிருந்து எட்டேகால் வரை, பெரிய சாலையோரம் நோட்டோடு நின்றேன். பாலத்தில் ஏறுபவர்களுக்கு இடப்பக்கம் ஒரு கோடு, பாலத்துக்கு அடியில் சாலையின் குறுக்கே ஓடுபவர்களுக்கு வலப்பக்கம் ஒரு கோடு. ரேடியோவும் வந்தாள். கூப்பிடாமலே வருவாள்.

“கோட்டான், வலது பக்கம் பத்தலைடி. அடுத்த பக்கத்துக்குப் போ. அய்யோ, அந்தப் பால்காரன் பாரு, சைக்கிளைத் தூக்கிட்டுத் தடுப்பைத் தாண்டறான்! ஏய், ஏய், அது யாரு? நம்ம பி.டி. மாஸ்டர்! கீழதான் ஓடறாரு! அவருக்கும் கோடு போடவா?”

“போடு.”

“விசில் ஊதிட்டு ஓடினாலாவது லாரிக்காரன் நிப்பான்.”

மூன்று நாளிலும் நிலவரம் மாறவில்லை. பாலத்தில் ஏறியவர் ஒருவர் என்றால் அடியில் ஓடியவர் இரண்டு பேருக்கு மேல். பள்ளிச் சீருடைகளை மட்டும் தனியாக எண்ணினாலும் அதே கதை. நான்காம் நாள் பின்வாசலில் நின்று எண்ணினேன். அந்த வழியாக வரும் பிள்ளைகள் நூற்றுப் பன்னிரண்டு பேர். ஒன்றாம் தேதிக்குப் பிறகு இந்த நூற்றுப் பன்னிரண்டு பேரும் அந்தச் சாலைக்கு வருவார்கள்.

சனிக்கிழமை நூலக அறையில் கூட்டம். நீள மேசையின் தலைமாட்டில் தலைமையாசிரியை, இரு பக்கமும் பெற்றோர் பதினைந்து பேர், ஓரத்தில் பி.டி. மாஸ்டர். கூட்டம் என்றால் நாற்காலி போட, தண்ணீர் வைக்க ஆய்வகத்திலிருந்துதான் ஆள் கூப்பிடுவார்கள். அப்பா கதவோரமாக, அலமாரியில் ஒரு கை வைத்து நின்றிருந்தார். எங்கள் கண்கள் சந்திக்கவில்லை.

மிஸ் தலையசைத்ததும் எழுந்தேன். தாளைப் பிரித்து மேசையில் வைத்துக்கொண்டேன். முதல் வரியை வாசித்தேன்.

“போன கட்டுரையில் நான் உங்களை ஏமாற்றினேன்.”

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“அதில் வரும் ஆளைப் பார்த்தது நிஜம். ஆனால் அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவரால் எந்தக் குழந்தைக்கும் ஆபத்தில்லை. உங்களைப் பயமுறுத்த ஒருவர் தேவைப்பட்டார், அவரை எடுத்துக்கொண்டேன்.”

பெரிய கண்ணாடி போட்ட ஓர் அம்மா மேசையில் கையை ஊன்றி எழுந்தார். அன்று காலைக் கூட்டத்தில் அழுத ஆறாம் வகுப்புப் பெண்ணின் தாய் அவர். “அதைக் கேட்டதுலேர்ந்து என் பொண்ணு சரியாத் தூங்கலை. இப்போ வந்து சும்மா எழுதினேன்னு சொல்றே. அந்த ஆளு யாரு?”

அறை முழுவதும் என்னைப் பார்த்தது. தலைமையாசிரியையும் கேட்டார், “சொல்லும்மா. யாரு அது?”

சொல்ல வாயில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. சொல்லியிருந்தால் அத்தனை முகங்களும் இளகியிருக்கும். மூன்றாவது படிக்கு அதைவிடப் பொருத்தமான ஒன்று உலகத்திலேயே கிடையாது. அலமாரிப் பக்கம் பார்க்காமல் இருக்க என் முழு பலமும் தேவைப்பட்டது. நான் பேசவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒரு முழு நிமிடம் என்று ஜன்னலுக்கு வெளியே நின்ற ரேடியோ பிறகு சத்தியம் செய்தாள்.

“சொல்ல மாட்டேன் மேடம்,” என்றேன். “அவரைக் கேக்காம ஒரு தடவை எழுதிட்டேன். ரெண்டாவது தடவை செய்ய மாட்டேன்.”

“நல்லா இருக்கு கதை!” என்றார் கண்ணாடி அம்மா. “அன்னிக்கு சொன்னது பொய்யின்னா இன்னிக்கு சொல்றதை எப்படி நம்பறது?”

இதற்கு மிஸ்ஸின் மூன்று படிகளில் பதில் கிடையாது. நம்ப வைக்க வேண்டிய முதல் படியையே நான் உடைத்துவிட்டு நின்றிருந்தேன். என்னிடம் இருந்தது கோடு போட்ட நோட்டு மட்டும்தான். அதைப் பிரித்து மேசையின் நடுவில் தள்ளினேன்.

“என்னை நம்ப வேணாம் ஆன்ட்டி. திங்கட்கிழமை காலையில ஏழரைக்கு நடைமேம்பாலத்துக்கிட்ட வந்து நில்லுங்க. பாலத்துல ஏறறவங்க எத்தனை பேரு, கீழ ஓடறவங்க எத்தனை பேருன்னு நீங்களே எண்ணுங்க. பின்வாசல் வழியா வர்ற நூத்திப் பன்னெண்டு பேரும் இனிமே அங்கதான் வரப்போறாங்க. எண்ணிட்டு, அப்புறமும் மூடணும்னு தோணினா மூடுங்க. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்.”

“பேசாம இருக்கறது உனக்குக் கஷ்டமே இல்லையே,” என்று மிஸ் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

“பாலம் இருக்குறப்போ ஏன் கீழ ஓடறாங்க?” என்றார் பி.டி. மாஸ்டர். “கட்டுப்பாடு இல்லை. நம்ம பசங்களுக்குச் சொல்லி வெச்சா ஏறுவாங்க.”

“பெரியவங்களும் ஓடறாங்க சார்,” என்றேன். “அவங்களுக்கும் கோடு போட்டிருக்கு.”

அவர் நோட்டை ஒரு முறை பார்த்தார். பிறகு தண்ணீர் குடித்தார்.

தலைமையாசிரியை மிஸ்ஸைப் பார்த்துச் சொன்னார், “போட்டிக்கு இந்தப் பொண்ணு வேணாம். நானே பாத்தேன்னு எழுதி இத்தனை பேரைப் பயமுறுத்தியிருக்கா. வேற யாரையாவது அனுப்புங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “திங்கட்கிழமை வர்றேன்.”

திங்கட்கிழமை நான்கு பேர் வந்தார்கள். தலைமையாசிரியை, கண்ணாடி அம்மா, இன்னும் இரண்டு பெற்றோர். ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்துவிட்டு, நான் ஒரு மின்கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டேன். விளக்கம் சொல்லவில்லை. லாரிகள் போயின. பேருந்துகள் ஹாரன் அடித்தன. சீருடைகள் கும்பலாக வந்து, பாலத்தின் படியைப் பார்த்து, கடிகாரத்தைப் பார்த்து, தடுப்பின் இடைவெளியில் நுழைந்து ஓடின. தம்பியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒருத்தி ஓடியபோது, அவன் செருப்பு ஒன்று நடுச்சாலையில் கழன்றது. அவன் அதை எடுக்கத் திரும்பினான். தலைமையாசிரியையின் பேனா தாளின் மேலே அந்தரத்தில் நின்றது. பேருந்து ஒன்று கிறீச்சிட்டு நின்று, திட்டிவிட்டுப் போனது. அவன் செருப்போடு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்து சிரித்தான்.

அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

எட்டு மணிக்குக் கண்ணாடி அம்மா வேலைக்கு நேரமாகிறது என்று கிளம்பினார். பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம். நேராக நடந்து, தடுப்பின் இடைவெளிக்கு எதிரே ஒரு காலைச் சாலையில் வைத்தார். வைத்த காலோடு திரும்பி எங்களைப் பார்த்தார். பிறகு காலை எடுத்துக்கொண்டு, முகம் சிவக்க, பாலத்தின் படியில் ஏறினார். நாங்கள் எல்லோரும் அவர் ஏறி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அந்தக் கதவைக் காட்டு,” என்றார் தலைமையாசிரியை.

குடியிருப்பு வழியாகச் சந்துக்குள் நடந்தோம். அவர் காரில் முன்வாசல் வழியாக வருபவர். இந்தச் சந்தை எத்தனை வருடம் கழித்துப் பார்க்கிறாரோ. சந்து முனையில் திரும்பியதும் நான் ஓர் அடி பின்தங்கினேன். இந்நேரம் ஆய்வகத்தில் இருக்க வேண்டிய அப்பா கதவருகே நின்றிருந்தார். ஒரு கை அந்தச் செங்கல்லில் இருந்தது. மறு கையில் சின்ன எண்ணெய்க் குப்பி.

எங்களைப் பார்த்ததும் சுவரிலிருந்து கையை எடுத்து நிமிர்ந்தார்.

“நீங்க எங்க இங்க?” என்றார் தலைமையாசிரியை.

“கீல் சத்தம் போடுது மேடம். எண்ணெய் விடலாம்னு வந்தேன்.”

தலைமையாசிரியை கதவை ஒரு முறை ஆட்டிப் பார்த்தார். அது முன்பைவிட அதிகமாகவே சத்தம் போட்டது. எண்ணெய் இன்னும் குப்பியில்தான் இருந்தது. பிறகு அவர் பார்வை சுவருக்குப் போனது. இடுப்பு உயரத்தில், பூச்சு உதிர்ந்த இடத்தில், ஒரு செங்கல் மட்டும் கறுத்து வழவழவென்று இருந்தது. அதைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார். கடைசியாக என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

ஓர் அணில் மதில்மேல் முழு நீளமும் ஓடி முடித்தது.

“தொறந்து வெக்கலாம்,” என்றார் தலைமையாசிரியை. “காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம். ஆனா ஆள் இல்லாம முடியாது. காவலர் ஒருத்தர்தான் இருக்காரு. மாஸ்டரைக் கேட்டா ஆயிரம் வேலை சொல்லுவாரு. யாரு நிப்பா?”

“நான் ஏழு மணிக்கே வந்துடறேன் மேடம்,” என்றார் அப்பா. அவர் குரலில் அவசரமே இல்லை. ஏற்கெனவே பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த நிதானம் இருந்தது. “லேப்ல முதல் வகுப்பு ஒம்பதேகாலுக்குத்தான். அதுவரைக்கும் கைகட்டிட்டுத்தானே இருக்கேன். சாயங்காலம் குழாயெல்லாம் கழுவி முடிச்சுட்டு வந்துடுவேன். இங்க வர்ற பசங்க அத்தனை பேரு முகமும் எனக்குத் தெரியும். புது முகம் வந்தா சட்டுனு புடிச்சுடுவேன். ஒரு ஸ்டூல் மட்டும் போட்டுக்கறேன்.”

“ஸ்டூல் எதுக்கு?”

“வர்றவங்க போறவங்களைப் பதிவேட்டுல எழுதணுமே மேடம். நின்னுக்கிட்டே எழுதினா என் எழுத்து எனக்கே புரியாது.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நம்ப வைத்துவிட்டார். யோசிக்க வைத்துவிட்டார். மூன்றாவதை அவர் தொடவே இல்லை.

தலைமையாசிரியை கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு கதவுக்குள் நுழைந்தார். நுழைந்தவர் நின்றார். திரும்பாமலே சொன்னார்.

“ஸ்டூல் வேணாம். முதுகு சாய்ற மாதிரி நாற்காலியாப் போட்டுக்கோங்க. நூலகத்துல ரெண்டு சும்மா கெடக்கு.”

அவர் காலடிச் சத்தம் மறையும்வரை நாங்கள் அசையவில்லை. பிறகு அப்பா குனிந்து கீலுக்கு எண்ணெய் விட்டார்.

கட்டுரைப் போட்டிக்கு ரேடியோ போனாள். மேடையில் வாசிக்கச் சொல்லியிருந்தால் முதல் பரிசு தனக்குத்தான், எழுத மட்டும் சொல்லி மோசம் செய்துவிட்டார்கள் என்று திரும்பி வந்து சொன்னாள். மிஸ் ஒரு மாதம் என்னிடம் சரியாகப் பேசவில்லை. என் இரண்டாவது கட்டுரையைத் திருத்தித் தரும்போது ஓரத்தில் எதுவும் எழுதவில்லை. மூலையில் ஒரு சின்ன சரி மட்டும் போட்டிருந்தார். அந்தத் தாளை வைத்திருக்கிறேன்.

ஒன்றாம் தேதி காலை சாப்பாட்டுப் பைகளோடு சந்து முனைக்கு வந்தேன். பழக்க தோஷத்தில் அங்கேயே நின்றேன். கதவருகே, நூலகத்து நாற்காலியில், மடியில் பதிவேட்டோடு அப்பா உட்கார்ந்திருந்தார். வரிசையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள். “லேப் அண்ணா, என் பேரைப் பெருசா எழுதுங்க!” என்று ஒருவன் கத்தினான்.

நான் வரிசையில் போய் நின்றுகொண்டேன். என் முறை வந்ததும் அப்பா தலையைத் தூக்காமல் கேட்டார்.

“எந்த வகுப்பு?”

“பதினொண்ணு.”

“கட்டுரை எழுதறவங்களா?”

“ஆமா.”

“அவங்களை ரெண்டு தடவை விசாரிச்சுட்டுத்தான் உள்ள விடணும்,” என்று சொல்லிக்கொண்டே, ஆய்வக பாட்டில்களில் ஒட்டும் அதே குண்டு எழுத்தில், அவசரமில்லாமல் என் பெயரை எழுதினார். பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். அவருடைய சாப்பாட்டுப் பையை நாற்காலியின் முதுகில் மாட்டிவிட்டு உள்ளே போனேன்.